தூசி அட்டையும் ஏழு குவளைகளும்: மாசுபாட்டைச் செய்முறையாகக் கற்பிக்கும் வழி

சுற்றுச்சூழல் பாடம் என்றவுடன் பல பள்ளிகள் ஓவியப் போட்டிக்கும் முழக்க அட்டை ஊர்வலத்துக்கும் ஏற்பாடு செய்கின்றன. அவற்றால் தீங்கொன்றுமில்லை, ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் என்ன கலந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்னும் கேள்விகளுக்கு மாணவர்கள் தாமே விடை தேட அவை உதவுவதில்லை. கீழ்வரும் செய்முறைகள் 10 முதல் 13 வயதுள்ளவர்களுக்குப் பொருந்தும். எதைச் செய்வதானாலும், என்ன நடக்கும் என்று தாம் எண்ணுவதையும் அதற்கான காரணத்தையும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். முன்கணிப்பு இல்லாத சோதனை, வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடும்.

காற்றிலிருந்து தொடங்குவது எளிது. வெள்ளை அட்டைகளில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்து, மேலே வாசலினை மிக மெல்லியதாகப் பூசி, சாலையோரச் சுவர், மரத்தடி, வகுப்பறைச் சன்னல், சமையற்கூட வாசல் ஆகிய இடங்களில் ஒரே உயரத்தில் ஒட்ட வேண்டும். மற்றோர் அட்டையை மூடிய டப்பாவுக்குள் வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய இந்த அட்டை இல்லாவிட்டால், அட்டையில் முன்பே இருந்த புள்ளிகளையும் காற்று கொண்டுவந்த தூசியையும் பிரித்தறிய முடியாது. மழையில்லாத இரண்டு நாள்கள் கழித்து, ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து கட்டங்களைத் தேர்ந்து, உருப்பெருக்கியால் துகள்களை எண்ணிச் சராசரி காண வேண்டும். கட்டங்களை எண்ணுவதற்கு முன்பே தேர்ந்துவிடச் சொல்லுங்கள்; இல்லையெனில் எல்லோரும் கறுத்த கட்டத்தையே நாடுவார்கள். சாலையோர அட்டையைவிட வகுப்பறை அட்டையில் தூசி மிகுந்திருந்தால் அதைப் பிழையென்று ஒதுக்கிவிடக் கூடாது. கரும்பலகைச் சுண்ணத்தூளா, பெருக்கும் முறையா என்று தேடத் தொடங்கும்போதுதான் பாடம் சூடுபிடிக்கிறது. இந்த அட்டை காட்டுவது பெரிய துகள்களை மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய பி.எம். 2.5 துகள்களின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோதான். அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அவற்றைச் சாதாரண உருப்பெருக்கியால் காண இயலாது.

கண்ணுக்குத் தெரியாத மாசு என்னும் இக்கருத்தை நீரில் இன்னும் தெளிவாகக் காட்டலாம். ஏழு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, முதலாவதில் 10 மி.லி. அடர்ந்த உணவுச் சாயத்தை ஊற்றவும். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து இரண்டாவதில் விட்டு 9 மி.லி. தூய நீர் சேர்க்கவும். அதிலிருந்து 1 மி.லி. மூன்றாவதற்கு என்று ஏழுவரை தொடரவும். ஒவ்வொரு முறையும் பிப்பெட்டை அலசிக்கொள்ள வேண்டும். ஏழாவது குவளையில் இருப்பது முதலாவதன் செறிவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது வெறும் நீராகவே தோன்றும். "இதில் சாயம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் சற்றுப் பேசாமல் இருப்பது நல்லது. வாதம் ஓய்ந்தபின், குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்றும், முதல் குவளையில் இருப்பது முழுவதும் சாயமே என்று கொண்டால், அது ஏழாவது குவளையின் செறிவைவிட ஏறத்தாழ நூறு மடங்கு குறைவு என்றும் கூறலாம்.

இதன் தொடர்ச்சியாக, உப்புக் கரைத்த சேற்று நீரைத் துணி, மணல், சரளை அடுக்கிய வடிகட்டியில் ஊற்றச் சொல்லலாம். தெளிந்து வரும் நீரில் சிறிது எடுத்துத் தட்டில் வெயிலில் வைத்தால், நீர் வற்றியபின் வெண்படிவு மிஞ்சும். சேறு நீங்கினாலும் கரைந்தது நீங்கவில்லை என்பது விளங்கும். வடிகட்டிய நீரை எவரும் சுவைத்துப் பார்க்காதவாறு கண்காணிக்க வேண்டும்.

மண்ணுக்குக் காய்கறித் தோல், காகிதம், பருத்தித் துணி, நெகிழிப் பை ஆகியவற்றின் ஒரே அளவுத் துண்டுகளைத் தனித்தனி வலைப்பைகளில் இட்டு, ஈர மண்ணில் புதைத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்த்தால் போதும். நெகிழி எரிவதைக் காட்டும் செய்முறையை மட்டும் அடியோடு தவிர்க்கவும். அதன் புகையே நச்சு.

வகுப்பின் குப்பையை ஒரு வாரம் வகைபிரித்து எடைபோடுவது, பாதுகாப்பைப் பற்றிய பாடத்துக்கு ஏற்ற இடம். கையுறை அணிந்து, கண்ணாடித் துண்டுகளையும் மருத்துவக் கழிவுகளையும் தொடாமல் செய்ய வேண்டும். அட்டவணையைப் பார்த்து மாணவர்களே ஒரேயொரு மாற்றத்தைத் தேர்ந்து, அதை நடைமுறைப்படுத்தி, மறுபடி ஒரு வாரம் எடைபோடட்டும். ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று கூற முடியாது. எடை குறையாவிட்டால் அதையும் அப்படியே பதிவுசெய்யச் சொல்லுங்கள். மதிப்பெண் வழங்கும்போது, தவறிய முன்கணிப்பையும் அது ஏன் தவறியது என்னும் விளக்கத்தையும் நேர்மையாக எழுதிய குறிப்பேட்டுக்கு, அழகாக அட்டை போட்ட குறிப்பேட்டைவிடக் கூடுதலாகவே தரலாம்.