ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வானம் லேசாக மூடி நாலு தூறல் போட்டால் போதும், ஞாயிறு காலையில் பாதி ஊர் ஏற்காடு ரோட்டில்தான் இருக்கும். நண்பர்களோடு அடிக்கடி மலையேறுகிறவன் என்பதால் புதிதாக வரும் பசங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் எங்கள் செட்டு அடித்த அதே கூத்தை, வண்டி மாடலை மட்டும் மாற்றி அப்படியே அடிக்கிறார்கள். ஹெல்மெட், ஸ்வெட்டர், குரங்கு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

நியூட்ரலில் இறங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஏறும்போது ஒழுங்காக ஏறுகிறார்கள். இறங்கும்போது நியூட்ரலில் போட்டுவிடுகிறார்கள். சிலர் சாவியையே திருப்பி ஆஃப் செய்துவிடுகிறார்கள். கேட்டால், "பெட்ரோல் விக்கிற விலைக்கு வேற என்ன பண்றதுண்ணா?" சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம். மலைப்பாதை சுமார் 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்கு அது அரை லிட்டர்கூட இல்லை. அந்த மிச்சமும் நிஜமா என்றால், அதுவும் இல்லை. ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள பைக்கோ காரோ, கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது, பெரும்பாலும் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவைக் கூட்டுகிறார்கள்.

பெட்ரோல் போகட்டும், உயிர் விஷயத்துக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இரண்டு பேரோடு 250 கிலோ இருக்கும் வண்டி அந்த 1,200 மீட்டரையும் இறங்கும்போது, ஏறக்குறைய 30 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். 9 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிட்டீர்கள் என்றால் மீதி அத்தனையும் பிரேக் தலையில்தான். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அழுத்து. பிரேக் ஷூ சூடேறினால் பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் ஆயிலும் சூடாகும். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரியைத் தாங்கும். அதுவே மாற்றாமல் விட்டு ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியைத் தாண்டினாலே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆயிலுக்குள் ஆவிக் குமிழி. லீவரை அமுக்கினால் குமிழிதான் அமுங்கும், வண்டி நிற்காது.

ஒரு மழைக்கால ஞாயிறு சாயங்காலம் அப்படித்தான் ஒரு ஸ்கூட்டர் வளைவுச் சுவரோரம் சாய்ந்து நின்றது. இரண்டு பசங்க, முகத்தில் ரத்தமே இல்லை. முன் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. "மேல ஏறும்போது நல்லாத்தான் புடிச்சுதுண்ணா" என்றான் ஓட்டி வந்தவன். ஏறும்போது எவனுக்குப் பிரேக் வேண்டும்? இன்னொருவன் பாட்டிலைத் திறந்து டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றப் போனான். பாட்டிலைப் பிடுங்க வேண்டியிருந்தது. சூடேறிய இரும்பில் சட்டென்று தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் உட்கார வைத்தோம். லீவர் மெல்லத் திரும்பி வந்தது.

பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் கணக்கு எளிது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பைக்கோ காரோ, இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். பிரேக் வளைவுக்கு மட்டும். காரில் இன்ஜினை ஆஃப் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் பெடலுக்குக் கிடைக்கும் துணையும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். ஸ்கூட்டரில் கியர் இல்லாததால் இன்ஜின் பிடிப்பு குறைவு, ரொம்ப மெதுவாகப் போனால் கிளட்ச்சும் விட்டுவிடும். அதனால் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், அழுத்தியபடியே இறங்காதீர்கள். கருகிய வாசம் வந்தால் ஓரங்கட்டுங்கள்.

லேடிஸ் சீட் வியூ பாயிண்டில் இருட்டும் வரை உட்காருவது

கீழே சேலத்து விளக்குகள் தெரியும், அழகுதான், மறுக்கவில்லை. அதைப் பார்த்த கையோடு பனிமூட்டத்தில் இறங்க வேண்டுமே! இரவு தங்குகிறவர்கள் பார்க்கட்டும்.

வறண்ட மாதத்தில் கிளியூர்

கிளியூர் அருவிக்கு ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் ஆதாரம். 300 அடி அருவி என்று கேள்விப்பட்டு ஏப்ரலில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். முதலில் ஏரியைப் பாருங்கள். வழிந்தால் இறங்குங்கள், இல்லையென்றால் முட்டிக்கு வேலை வைக்காதீர்கள். மழை நாளில் படி வழுக்கும், அது வேறு.

சேர்வராயன் கோயிலை வியூ பாயிண்ட் ஆக்குவது

1,623 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எல்லோரும் காற்று வாங்கத்தான் வருகிறார்கள். உள்ளே போனால் குனிந்து நடக்கும் குகை. சேர்வராயனும் காவேரியும் இருக்கும் இடம். மே மாதத் திருவிழாவில் மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட மனசு வராது.

காப்பித் தோட்டத்துக்குள் ஃபோட்டோ

தனியார் நிலம். கேட்டுவிட்டு நுழையுங்கள்.

காட்டெருமையோடு செல்ஃபி

வேண்டாம்.

மலை மட்டும்தான் பொழுதுபோக்கு என்று நினைப்பது

மே மாதக் கோடை விழாவின்போது மலையில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காமல் சுற்றுவார்கள். கீழேயே எவ்வளவோ இருக்கிறது. கன்னங்குறிச்சியில் மூக்கனேரி: 2010இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள், காலையில் பறவை பார்க்க இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. ஒரு நாள் முழுக்க இருந்தால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்கள். போகும் வழியில் பஜ்ஜி சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஊர் திரும்பினால் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் இருக்கும், இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் காய்கறியும் வைத்துத் தருவது. காரம் குறைவாக வேண்டுமென்றால் சட்னி தடவுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தடவின பிறகு சொன்னால் அண்ணன் கேட்க மாட்டார்.