கிணற்றில் வந்த குண்டும் அப்பப்பாவின் துவக்கும்: வெடிபொருள், சுடுகலன் சட்டத்தில் நாம் விடும் தவறுகள்

சுடுகலன், வெடிபொருள் பற்றிய சட்டமெல்லாம் துவக்கு வைத்திருப்பவருக்கும் கல்லுடைக்கும் கொந்தராத்துக்காரருக்கும் உரியது என்று எண்ணிக் கடந்துபோகிறவர்களே யாழ்ப்பாணத்தில் அதிகம். ஆனால் குடாநாட்டில் இந்தச் சட்டத்தோடு முட்டிக்கொள்பவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு துவக்கையும் தொட்டிராதவர்கள். காணி துப்புரவாக்கியவர், மலசலகூடக் கிடங்கு வெட்டியவர், இறந்துபோன தகப்பனின் அலுமாரியைத் திறந்தவர், வலையில் சிக்கியதைக் கரைக்குக் கொண்டுவந்தவர் போன்ற சாதாரண மனிதர்கள்.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்பவை முக்கியமாக இரண்டு சட்டங்கள்: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும். முதலாவதற்கு 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளைப் பெரிதும் கடுமையாக்கியது. அனுமதியின்றித் தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுட்காலச் சிறை வரை போகலாம். இரண்டு சட்டங்களுமே அனுமதிப்பத்திரத்தை அடித்தளமாகக் கொண்டவை. அதனால் அவை முதலில் கேட்பது, பொருள் யாருக்குச் சொந்தம் என்பதையல்ல, அது யாரிடம் இருந்தது என்பதையே. ‘இது என்னுடையதல்ல’ என்பதை முழுப் பதிலாக நம்பியிருப்பதுதான் நம்மவர் விடும் தவறுகளில் முதன்மையானது. உங்களுடையதல்லாத ஒன்று உங்கள் வளவில் இருப்பது உங்களுக்குத் தெரிந்த கணத்திலிருந்து, நீங்கள் அதை என்ன செய்தீர்கள் என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது.

மீளக் கையளிக்கப்பட்ட காணியொன்றில், பல ஆண்டுகள் பற்றைக்குள் கிடந்த கிணற்றை இறைத்த நாளில் நானும் நின்றேன். சேற்றோடு வந்த வாளியில் கை முட்டியளவு துருவேறிய உருண்டை ஒன்று இருந்தது. இறைக்க வந்தவர் அதைக் கிணற்றுக்கட்டில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, விரல் நகத்தால் சேற்றைச் சுரண்டி, எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். மற்றவர் தொலைபேசியை எடுத்து, கனடாவில் இருக்கும் காணிக்காரருக்குக் காட்டுவதற்காக அதை ஒளிப்பதிவு செய்தார். வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் படியில் நின்று எட்டிப் பார்த்தன. கைக்குண்டு என்று தெரிந்த பின்னரும் ஒருவர் முகத்திலும் பதற்றமில்லை, அவ்வளவு பழக்கம். பழக்கம்தான் இங்கே ஆபத்து. துரு தின்பது வெளிக்கூட்டையும் பாதுகாப்புப் பொறியையும். உள்ளே இருக்கும் வெடிமருந்து பல பத்தாண்டுகளுக்கும் தன் குணத்தை இழக்காமல் இருக்கும். ஆகவே பழையது என்பதற்காக அது செத்துப்போனதாகாது. சில வேளைகளில் புதியதைவிட நிலை தளர்ந்து, சிறு தட்டுக்கும் வெடிக்கக்கூடியதாக இருக்கும். கழுவுவது, புரட்டிப் பார்ப்பது, அலவாங்கால் கிளப்புவது, சாக்கில் கட்டிப் பொலிஸ் நிலையத்துக்கே நேரில் கொண்டுபோவது ஆகிய எல்லாம் ஒரே தவறின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

சரியான வழி கேட்பதற்கு எளிமையானது. வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, வந்த வழியே விலகிச் சென்று, மற்றவர்கள் கிட்டப் போகாதபடி தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, பொலிஸ் அவசர இலக்கமான 119இற்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டும். கிராம அலுவலருக்கும் சொல்லிவைப்பது நல்லது. அதன் பின் நடப்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் அடுத்த தவறு அந்த இடைவெளியில்தான் நேர்கிறது. பொலிஸார் வந்து பார்த்து, வாக்குமூலம் பெற்று, நீதிமன்றத்தின் அனுமதியை எடுத்த பின்னரே விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் அதை அகற்றுவார்கள். இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். கூலிக்கு வந்த ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், ஜேசிபிக்கு மணித்தியாலக் கணக்கில் காசு போகிறது, சீமெந்து வந்து இறங்கிவிட்டது என்ற அவசரத்தில் பொருளைத் தூக்கிப் பக்கத்துப் பாழ்வளவில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறவர்கள் உண்டு. பக்கத்து வளவுக்குப் போனதும் அது கண்டெடுத்த பொருள் என்ற நிலையை இழந்து, இடம் மாற்றி மறைக்கப்பட்ட பொருளாகிறது. அறிவித்தவர் என்ற நல்ல பெயரும் அத்தோடு போய்விடுகிறது. வேலியோரம் புதைப்பதும், பாவனையற்ற கிணற்றில் போடுவதும், கடலில் எறிவதும் இதே கதைதான்.

அறிவித்தால் விசாரணை, நிலையத்துக்கு அலைச்சல், பெயர் பதிவு என்ற அச்சம் நம்மவரிடையே இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட நான் ஆயத்தமில்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் ஆயுதம், வெடிபொருள் ஆகியவற்றைச் சேர்த்தல், வைத்திருத்தல் பற்றிய குற்றங்கள் உள்ளன. அதன் அனுபவம் இந்த மண்ணில் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்குரிய மருந்து மௌனமல்ல. இன்று நீங்கள் அறிவிக்காதது நாளை வேறொருவர் அறிவித்து வெளிவந்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நல்ல பதில் எதுவும் கிடையாது. அச்சம் உள்ளவர் தனியாகப் போகாமல் கிராம அலுவலரையோ ஊரில் மதிப்புள்ள ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லலாம். கண்ட நேரம், இடம், கண்டவர் பெயர், அறிவித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். வாக்குமூலத்தை விளங்காத மொழியில் எழுதிக் கையொப்பம் கேட்டால், அதை வாசித்து விளக்கச் செய்யாமல் கையொப்பமிடுவது பெரிய தவறு. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே கூறுகிறது. தமிழில் கேட்பது சலுகையல்ல.

குப்பை கொளுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவில் பற்றையை வெட்டி, சருகையும் காவோலையையும் கூட்டி, வந்த வேகத்தில் நெருப்பு வைப்பது நமது வழக்கம். அந்தக் குவியலுக்குள்ளோ அதன் அடி மண்ணிலோ என்ன கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. குப்பைக்கு வைத்த நெருப்பில் வெடித்துக் காயப்பட்ட செய்திகள் குடாநாட்டில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகையைக் கழற்றுவதும், எல்லை காட்டும் கட்டைகளை விறகுக்குப் பிடுங்குவதும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டியவை. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற மிதிவெடி அகற்றும் நிறுவனங்களும் இராணுவத்தின் பிரிவுகளும் பல ஆண்டுகளாகத் துப்புரவாக்கி வந்தாலும், முகமாலை போன்ற இடங்களில் அந்தப் பணி எவ்வளவு மெதுவானது என்பதை ஏ-9 வீதியால் போய்வந்தவர்கள் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். அப்படியான இடங்களில் பழைய இரும்பு பொறுக்கப் போவதும், செல் (எறிகணை) கோதையோ அடையாளம் தெரியாத உலோகத்தையோ நிறுவைக்கு விற்பதும் விற்றவரையும் வாங்கிய கடைக்காரரையும் ஒருங்கே சிக்கவைக்கும். வாங்குபவர் அதை வெட்டிப் பிரிக்க முற்படும்போது நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனித் துவக்கு. ஒரு காலத்தில் வசதியான கமக்காரர் வீடுகளில் அனுமதிப்பத்திரமுள்ள வேட்டைத் துவக்கு இருந்தது. பெரும்பாலானவை போர்க்காலத்தில் ஒப்படைத்தும் பறிகொடுத்தும் போயின. ஆனால் பத்திரம் மட்டும் காணி உறுதிகளோடு இரும்புப் பெட்டிக்குள் மடிந்து கிடப்பதைக் காணலாம். அந்தத் தாளைக் காட்டி, ‘அப்பப்பாவுக்கு இருந்தது, ஆகவே எங்களுக்கும் உரிமை உண்டு’ என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வாதிட்ட ஒருவரை நான் அறிவேன். காணியைப்போல அனுமதிப்பத்திரம் மரபுரிமையாக இறங்குவதில்லை. அது ஓர் ஆளுக்கும் ஒரு துவக்குக்கும் உரியது. டிசம்பர் 31உடன் முடிவது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியது. உரியவர் இறந்ததும் துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதை வைத்திருக்க விரும்பினால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தியேட்டி முடியட்டும், ஆட்டைத்திவசம் முடியட்டும் என்று அலுமாரிக்குள் விட்டுவைப்பது துக்க வீட்டின் மறதியாகத் தோன்றினாலும், சட்டத்தின் கணக்கில் அனுமதியின்றி வைத்திருந்ததாகவே முடியும். திகதி தவறிய பத்திரம் பத்திரமில்லாததற்குச் சமம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் அது நிலையான சொத்து என்று கருதுவதும் தவறு. 2024இன் பிற்பகுதியில், தற்காப்புக்காகத் தனியாருக்கு வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திரும்ப ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. செல்லுபடியான பத்திரம் கையிலிருந்தவர்களும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதுபோல, பயிர்ப் பாதுகாப்புக்கென எடுத்த துவக்கை இன்னொருவருக்கு ஓரிரவுக்கு இரவல் கொடுக்க முடியாது. இரவல் கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றவாளிகளே. வன்னிப் பக்கம் பன்றிக்குக் கட்டுத்துவக்கு (தடத்தில் கட்டிவைத்துத் தானாக வெடிக்கும் துவக்கு) வைப்பதும், மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கை உள்ளூரில் செய்விப்பதும், தீனிக்குள் பன்றிவெடி மறைப்பதும் பயிரைக் காப்பதற்கே என்று நியாயம் சொல்லப்படுகிறது. அவற்றில் எதற்கும் அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கட்டுத்துவக்குக்குப் பன்றியையும் விறகுக்குப் போன மனிதரையும் வேறுபடுத்தத் தெரியாது.

கிணறு வெட்டுவோருக்குச் சட்டத்தின் இன்னொரு பக்கம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் மண் ஆழம் குறைவு. பல இடங்களில் சில அடிக்குள் சுண்ணக்கல் தட்டிவிடும், அதற்குக் கீழே வெடிமருந்து வைத்து உடைக்காமல் இறங்குவது கடினம். வீட்டுக்காரர் வழக்கமாகச் சொல்வது, ‘அதெல்லாம் கொந்தராத்துக்காரர் பார்த்துக்கொள்வார்’ என்பதே. கொந்தராத்துக்காரரிடம் ஏதோ ஒரு பத்திரம் இருக்கிறது என்பது போதாது. அந்தப் பத்திரம் உங்கள் காணிக்கும் இந்த வேலைக்கும் உரியதா, எவ்வளவு வெடிபொருளுக்கு உரியது, வெடி வைப்பவர் அதற்குத் தகுதி பெற்றவரா என்பவற்றைத் தொடங்குவதற்கு முன் கேட்டு, பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, பிரதியொன்றை வாங்கி வைக்க வேண்டும். சந்தேகமிருந்தால் பிரதேச செயலகத்திலோ மாவட்டச் செயலகத்திலோ விசாரிக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, எஞ்சியதை வீட்டில் விட்டுச்செல்வது. நாளைக்கு மிச்ச வேலை இருக்கிறது என்று சொல்லி, மருந்துக் குச்சியையும் வெடிதூண்டியையும் திரியையும் ஒரு பையில் போட்டு, கோழிக்கூட்டுக்கு மேலோ குசினித் தட்டிலோ வைத்துவிட்டுப் போவார்கள். இரவு அந்த வீட்டில் இருப்பது வெடிபொருள், வைத்திருப்பவர் வீட்டுக்காரர். எஞ்சியவற்றைக் கணக்குக் காட்டித் திருப்பிக் கொடுப்பது அனுமதி பெற்றவரின் கடமை, ஆகவே ஓர் இரவுக்கும் உங்கள் கூரைக்குக் கீழே அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். கல்லுடைப்புக்காகப் பெறப்பட்ட வெடிபொருள் கைமாறிக் கடலுக்குப் போவதைத் தடுக்கவே இந்தக் கணக்குக் கட்டுப்பாடு இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது.

கடலைப் பொறுத்தவரை, வெடி போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி குற்றம் என்பது தொழிலாளர் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிடித்த மீன் என்று தெரிந்துகொண்டே வாங்குவதும் ஏற்றுவதும் விற்பதும் குற்றம் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடையைத் தூக்கும் சந்தை வியாபாரியும் அதற்குள் வருவார். வலையில் பழைய செல் ஏதும் சிக்கினால், அதைத் தட்டிக் கழற்றி வலையை மீட்கப் பார்க்காமல், கடற்படைக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும். வலையின் விலை பெரியதுதான், ஆனாலும் வேறு வழியில்லை.

தீபாவளி, வருடப்பிறப்புக் காலத்தில் தெருவோரம் மேசை போட்டுச் சீனவெடி விற்பதற்கும், கோயில் திருவிழாவுக்கு வாணம் செய்வதற்கும் அனுமதி வேண்டும். வாணங்களும் வெடிபொருள் என்ற சொல்லுக்குள் அடங்குகின்றன. கடையின் பின்னறையில் மண்ணெண்ணெய்க் கலனுக்கு அருகே பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பதும், மிஞ்சியதை அடுத்த பெருநாளுக்கென வைத்திருப்பதும் பொதுவாகக் காணும் பிழைகள்.

இறுதியாக, விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பற்றி ஒரு சொல். ஊரைச் சுற்றிப் பார்க்கும் பிள்ளைகள் மணலில் கிடந்த ரவைக் கோதொன்றை நினைவுப் பொருளாக எடுத்து வைத்துக்கொள்வதுண்டு. சில வீடுகளில் பெரிய செல் கோது பூச்சாடியாகவே வரவேற்பறையில் நிற்கும். வெறுங்கோதா, உயிருள்ளதா என்பது ஊடுகதிர்த் திரையில் பார்க்கும் விமான நிலைய அலுவலருக்குத் தெரியாது. பலாலியிலோ கட்டுநாயக்கவிலோ பை ஒதுக்கப்பட்டு, பயணம் நின்று, வாக்குமூலம் எழுதும் நிலை வரும். பயணத்துக்கு முதல்நாள் பைகளை அடுக்கும்போது, பிள்ளைகளின் முதுகுப்பையின் சிறிய பொக்கற்றுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்படி ஏதும் அகப்பட்டால் அதைத் திரும்பவும் வேலிக்குள் எறிந்துவிடாமல், கைபடாத ஓரிடத்தில் விட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.