பழைய திரையரங்கை நவீனமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் ஒற்றைத் திரை அரங்கை நவீனமாக்க முற்படும் உரிமையாளர்கள் பெரும்பாலும் ப்ரொஜெக்டர் விலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுவே. ஃபிலிம் காலத்தில் இழுத்த வயரிங்கையும் துருப்பிடித்த எர்த்திங்கையும் அப்படியே விட்டுவிட்டுப் புது இயந்திரத்தை அவற்றில் மாட்டினால், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது முதலில் பழுதாவது அந்த விலையுயர்ந்த பொருள்தான். ப்ரொஜெக்டரின் செனான் விளக்கு அணைந்த பிறகும் சில நிமிடங்கள் விசிறி ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும் என்பதால், ஜெனரேட்டர் இருக்கிறதே என்று யூபிஎஸ்ஸைத் தவிர்ப்பதும் சிக்கனமாகாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த பிறகும் படக் கோப்புகளை வைத்திருக்கும் சர்வரையும் யூபிஎஸ் பேட்டரிகளையும் தரைத்தளத்து அறையில் வைப்பவர்களை என்னவென்று சொல்வது?

அடுத்தது, தானியங்கி அமைப்பு வந்துவிட்டால் ஆபரேட்டர் தேவையில்லை என்ற நினைப்பு. டிஜிட்டல் படம் பூட்டப்பட்ட கோப்பாகவே வருகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள், மணி வரைக்கும்தான் செல்லுபடியாகும். பூட்டைத் திறந்து படத்தை ஓட்டும் மின்பலகையான மீடியா பிளாக் பழுதாகி, அதை மாற்றிவிட்டு அதன் விவரத்தை விநியோகத் தரப்புக்குத் தெரிவிக்க மறந்தால், வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கூட்டம் வாசலில் நிற்கப் படம் திறக்காது. காலாவதியான கேடிஎம்மை ஏமாற்றலாம் என்றால், மீடியா பிளாக்கின் உள்கடிகாரத்தைக் கூட ஆண்டுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் நகர்த்த முடியாது. ஆகவே கேடிஎம் வந்ததா, எப்போது காலாவதியாகிறது, படம் முழுவதும் சர்வரில் ஏறியதா என்பதை முந்தைய நாளே பார்க்க ஓர் ஆள் வேண்டும். இடைவேளையும் அப்படித்தான்: ஆங்கிலப் படங்களின் தமிழ்ப் பதிப்பில் பெரும்பாலும் இடைவேளைக்கென ஓர் இடம் இருக்காது, விளக்குகள் எங்கே எரிய வேண்டும், எந்தக் காட்சியில் நிறுத்தினால் ரசிகர்கள் கத்தமாட்டார்கள் என்பதை சர்வரின் நிகழ்ச்சி வரிசையில் (பிளேலிஸ்ட்) குறித்து வைக்க, பல ஆண்டுகள் ப்ரொஜெக்டர் கேபினில் நின்றவரின் கணிப்பே உதவும். அவரை அனுப்பிவிடாமல் அவருக்குப் பயிற்சி கொடுப்பதே மலிவான வழி.

ஒலியமைப்பில், எதிரொலியைத் தணிக்காமல் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது வீண். உயரமான கூரையும் வெற்றுச் சுவரும் உள்ள அரங்கில் வசனம் குழம்பிவிடும். சுண்ணாம்புச் சுவரில் கண்ட இடத்தில் துளையிடுவதற்குமுன் கட்டடப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளலாம்.

டிக்கெட் விற்பனையை முழுவதுமாக இணையத்துக்கு மாற்றுவதும் தவறு. சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து கவுண்டரில் பணம் நீட்டுவோரை அது திருப்பி அனுப்பிவிடும். கவுண்டரும் செயலியும் ஒரே இருக்கை வரைபடத்திலிருந்து விற்காவிட்டால் ஓர் இருக்கைக்கு இருவர் வந்து நிற்பார்கள். சில வரிசைகளைக் கவுண்டருக்கென்றே முன்கூட்டி ஒதுக்கி வைத்தால், இணைப்பு அறுந்த மாலையிலும் அந்த வரிசைகளுக்குச் சீட்டுக் கிழிக்கலாம்.