ஆடும் சுடருக்கு அகச்சிவப்பு நிறமாலை எடுப்பது எப்படி?

காற்றுத்துளையை மூடிய பன்சன் பர்னரின் மஞ்சள் சுடர் நொடிக்குச் சுமார் 12 தடவை ஆடும். அதன் நிறமாலை பிக்சல் பிக்சலாக வேண்டும். கருவி: மைக்கல்சன் குறுக்கீட்டுமானி, பின்னால் 77 கெல்வினுக்குக் குளிர்வித்த இண்டியம் ஆன்டிமனைடு அகச்சிவப்புக் கேமரா. குறுக்கீட்டுமானி ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும்; அதன் ஒரு கண்ணாடி நகர நகர இரு பாதைகளின் நீள வேறுபாடு கூடும். அப்போது ஒவ்வொரு பிக்சலிலும் ஏறி இறங்கும் வெளிச்சப் பதிவுதான் இன்டர்ஃபெரோகிராம். அதை ஃபூரியே மாற்றம் என்ற கணக்கில் போட்டால் நிறமாலை வரும்.

படி 1: அலைப்பட்டை. சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் அருகே நன்றாக ஒளிரும். 3 முதல் 5 மைக்ரான் போதும். மற்றதை வடிகட்டி போட்டுத் தடுத்துவிடுங்கள்.

படி 2: ஃப்ரேம் இடைவெளி. கருவிக்குள் ஓடும் ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். இரண்டு அலைக்கு ஒரு ஃப்ரேம், அதாவது ஒளிப்பாதை வேறுபாடு 1.266 மைக்ரான் கூடும்போதெல்லாம் ஒன்று.

படி 3: பிரிதிறன். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பேராசைப்படுவார்கள். 16 செ.மீ.⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை; பிரிதிறனில் இந்த எண் சிறிதானால் நுட்பம் கூடும்) வேண்டுமென்றால் பாதை வேறுபாடு 625 மைக்ரான் வரை போக வேண்டும். கிட்டத்தட்ட 494 ஃப்ரேம். நொடிக்கு 1000 ஃப்ரேம் என்றால் அரை நொடி. அதற்குள் சுடர் ஆறு தடவை ஆடிவிடும்! 64 செ.மீ.⁻¹ போதுமென்றால் சுமார் 124 ஃப்ரேமில் வேலை முடியும்.

சுடர் ஆடினால் என்ன கெடும்? நொடிக்கு 1000 ஃப்ரேம் வேகத்தில் 12 ஹெர்ட்ஸ் ஆட்டம் 95 செ.மீ.⁻¹-க்குச் சமம். ஆகவே ஒவ்வொரு உண்மையான வரிக்கும் இருபுறமும் 95 தள்ளி ஒரு போலி வரி முளைக்கும். கேமராவை 64×64 பிக்சலுக்குச் சுருக்கி, நகரும் கண்ணாடியையும் சேர்த்து வேகப்படுத்தி நொடிக்கு 8000 ஃப்ரேமுக்குக் கொண்டுபோனால், அதே போலி 12 செ.மீ.⁻¹ தள்ளி வந்து பிரிதிறனுக்குள் அடங்கிவிடும். வெளிச்சம் குறையும்தான், ஆனால் சுடருக்கு அது பிரச்சினையில்லை.

படி 4: திருத்தம். கேமரா வேகம் கூடவில்லையா? சரி, 1000-லேயே இருங்கள். அந்த வேகத்தில் உங்கள் 3 முதல் 5 மைக்ரான் பட்டை இன்டர்ஃபெரோகிராமில் 250 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது சுடரின் மொத்தப் பிரகாசம். அதைப் பிரித்தெடுத்து, அதால் இன்டர்ஃபெரோகிராமை வகுங்கள். சுடரின் நடுப்பகுதியில் இது நன்றாக வேலை செய்யும். ஓரத்துப் பிக்சல்களை நம்பாதீர்கள். அங்கே சுடரும் பின்னணியும் மாறி மாறி வரும்.

அப்புறம் பல ஸ்கேன்களைச் சராசரி எடுங்கள். முதலில் இன்டர்ஃபெரோகிராம்களைச் சராசரி, பிறகு ஃபூரியே மாற்றம். ஸ்கேனும் ஆட்டமும் ஒத்துப்போகாதவரை போலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும்.

படி 5: அளவுதிருத்தம். வெவ்வேறு வெப்பநிலையில் இரண்டு கரும்பொருள்கள் (வெப்பநிலையை வைத்தே ஒளிர்வைக் கணக்கிடக்கூடிய மூலங்கள்) போதும்.

படி 6: சோதனை. கார்பன் டை ஆக்சைடு ஒளிர்வு சுமார் 2400 செ.மீ.⁻¹-இல் செங்குத்தாக அறுந்துவிடும். அதற்குச் சற்று மேலே புகைக்கரியின் மேடுபள்ளமில்லாத சீரான ஒளிர்வுதான். 1000 ஃப்ரேம் பதிவில் 2490 பக்கம் மேடு தெரிந்தால் படி 4-க்குத் திரும்புங்கள்.