திருவல்லிக்கேணியை நடந்து பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சென்னையின் திருவல்லிக்கேணியைப் பார்க்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பார்த்தசாரதி கோயில் வாசல் வரை காரில் வருவார்கள், பெருமாளைச் சேவிப்பார்கள், சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோயிலுக்கும் பெரிய மசூதிக்கும் நடுவே கிடக்கும் தெருக்கள்தான் திருவல்லிக்கேணி என்பது என் கட்சி. அவற்றுக்குள் காலார நடக்காமல் திரும்புவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன்.

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாட வீதிகளில் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். நடுப்பகலில் வராதீர்கள். உச்சிப்பொழுதுக்குப் பிறகு கோயில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள், வெயிலும் சும்மா விடாது.

கோயிலுக்குள் பலரும் தவறவிடுவது மேற்குப் பக்கம். கிழக்கு நோக்கி மீசையோடு நிற்கும் மூலவர் வேங்கடகிருஷ்ணனைச் சேவித்ததும் வந்த வழியே வெளியேறிவிடுகிறார்கள். மேற்கு நோக்கி அமர்ந்திருக்கும் நரசிம்மருக்குத் தனிக் கொடிமரமே உண்டு. வீதியுலா வரும் உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்திலுள்ள வடுக்களையும் நிதானமாகப் பாருங்கள். பாரதப் போரில் பீஷ்மர் எய்த அம்புகளை வாங்கிய தழும்புகள் என்பது ஐதிகம்.

சுவாமி புறப்பாடு நடக்கும் நாளில் வந்தால் பாக்கியம். பார்த்தசாரதிக்குச் சித்திரையிலும் நரசிம்மருக்கு ஆனியிலும் பிரம்மோற்சவம். அப்போது செல்போனைத் தூக்கிக்கொண்டு பல்லக்குக்கு முன்னால் பின்னோக்கி நடக்கிறவர்களைப் பார்த்தால் மனசு பதறும். சுவாமிக்கு முன்னால் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களைப் பாடும் திவ்யப் பிரபந்தக் கோஷ்டி போகும், பின்னால் வேத பாராயணம் வரும். தமிழ் முன்னே போக, பெருமாள் அதன் பின்னே வருகிற அழகு அது. அந்த இடைவெளியில் புகுந்து குறுக்கே கடக்கக் கூடாது. தோளில் அத்தனை பாரத்தைச் சுமந்து வரும் ஸ்ரீபாதந்தாங்கிகள் சட்டென்று நிற்க முடியாது, அதையும் நினைக்க வேண்டும். ஏதாவது ஒரு வீட்டு வாசல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். சுவாமி தானாகவே உங்களைத் தேடி வருவார்.

அப்புறம் பாரதி. கோயில் யானை தாக்கி அங்கேயே இறந்துபோனார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யானை தாக்கியது உண்மை. ஆனால் அதிலிருந்து தேறி எழுந்தார். சில மாதங்கள் கழித்து, 1921 செப்டம்பரில் உடல்நலம் குன்றித்தான் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்த வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் நினைவில்லமாக இருக்கிறது. கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதற்குள் நுழையாமல் போவது பெரிய இழப்பு. அனுமந்தராயன் கோயில் தெருப் பக்கமும் ஒரு நடை போய்வாருங்கள். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்து போகுமுன் அங்கே குடியிருந்தார்.

திருவல்லிக்கேணி என்றாலே பெருமாள் ஊர் என்று நினைத்துப் பாதியிலேயே திரும்பிவிடாதீர்கள். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால் பெரிய மசூதி எனப்படும் வாலாஜா மசூதி, 1795இல் எழுந்த கருங்கல் கட்டடம். இங்குள்ள பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் மக்கன் லால் என்ற இந்து அறிஞர். காயிதே மில்லத் அடங்கியிருப்பதும் இந்த வளாகத்தில்தான். ரமலான் மாலைகளில் சூஃபிதார் அமைப்பின் சிந்தி சமூகத் தொண்டர்கள் இங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறுகிறார்கள். தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாப்பிடாமல் வருவது நல்லது. ரத்னா கபேயில் சாம்பார் இட்லி கேட்டால் இட்லி மூழ்க மூழ்க ஊற்றுவார்கள். மேன்ஷன்களில் தங்கியிருக்கும் இளைஞர்களை நம்பி நடக்கும் மெஸ்களில் மதியம் கூட்டம் நெரியும், கொஞ்சம் முன்கூட்டியே போய்விடுங்கள்.

தெருவில் மாடுகள் திரியும். குழந்தைகளோடு வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கன்று கூட இருக்கும் பசுவை விட்டு விலகி நடங்கள். பழைய புத்தகங்களில் ஆசை உண்டு என்றால், இன்னும் பலர் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே சொல்லும் பாரதி சாலை நடைபாதையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அங்கே போனால் கனத்த பையோடு ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருக்கும்.