ஃபைபரா, செம்பா, வயர்லெஸ்ஸா: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

இணைய இணைப்பு விளம்பரத்தில் ‘ஃபைபர்’ (ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழை) என்று இருந்தால் வீடு வரை ஃபைபர் வரும் என்று நம்பிவிடாதீர்கள். தெருமுனைப் பெட்டியோடு ஃபைபர் நின்று, அங்கிருந்து பழைய டெலிபோன் கம்பியில் வீட்டுக்கு வரும் இணைப்புகளும் உண்டு.

படி 1: மோடத்தின் பின்பக்கம்

மெல்லிய வயர், பச்சை அல்லது நீல நிறச் சதுர முனை என்றால் ஃபைபர். டெலிபோன் முனை என்றால் டிஎஸ்எல், அதாவது செம்பு. திருகிப் பூட்டும் தடித்த கேபிள் கோஆக்சியல். அதுவும் செம்புதான், ஆனால் டெலிபோன் கம்பியைவிடப் பல மடங்கு வேகம் தாங்கும். சிம் போட்டால் வயர்லெஸ்.

படி 2: வைஃபை இல்லாமல் அளந்து பாருங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, ரூட்டரோடு லேன் கேபிளில் இணைத்த பிறகே வேகத்தைச் சோதியுங்கள்.

300 எம்பிபிஎஸ் திட்டம். எத்தனை முறை பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லையா? லைனில் கோளாறு இருக்காது. ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், இல்லையென்றால் கேபிளில் கோளாறு. 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று சரியாகக் கடிக்காவிட்டாலும் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும். லேன் கேபிளின் கண்ணாடி போன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டு நிறங்களும் நுனியைத் தொட்டிருக்க வேண்டும். லேன் கேபிளில் கேட் 5இ வகையே தாராளம். கேட் 7 வாங்குவது வீண் செலவு.

காலையில் ஒன்று, இரவு 8 முதல் 10 மணிக்குள் ஒன்று என மூன்று நாள் அளந்து பாருங்கள். பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கும்போது பிங்கையும் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். சும்மா இருக்கையில் 10 மில்லிசெகண்ட், இறங்கும்போது 300 என்றால் வீடியோ கால் திணறத்தான் செய்யும். இதற்கு வேகமான திட்டத்துக்கு மாறுவதைவிட எஸ்கியூஎம் (லைனில் நெரிசல் சேராமல் தகவலை வரிசைப்படுத்தும்) வசதியுள்ள ரூட்டர் நல்ல மருந்து.

படி 3: லைனின் உடல்நிலை

ப்ரவுசரில் ரூட்டரின் நிலைப் பக்கத்தை (ஸ்டேட்டஸ்) திறந்து பாருங்கள்.

ஃபைபரில் பெறும் ஒளியின் அளவு மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம்முக்குள் (சிக்னல் வலிமையின் அலகு) இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். மூன்று டெசிபல் குறைந்தாலே பாதி ஒளி போய்விட்டது என்று பொருள். காரணம் பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் மடங்கிய வயர், அல்லது முனையில் படிந்த தூசி. பச்சை முனையை நீல முனையோடு சேர்ப்பதும் தவறு: பச்சையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தோடு பொருந்தாது. மீதி வயரை உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றுங்கள். வயரைக் கழற்றினால் நுனியைக் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது; அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

செம்பில் தூரம்தான் எல்லாம். டிஎஸ்எல்லின் பழைய வகையான ஏடிஎஸ்எல்2+ உச்சம் 24 எம்பிபிஎஸ், அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில். அதைவிட வேகமான விடிஎஸ்எல்2 சில நூறு மீட்டர் வரை 100 எம்பிபிஎஸ் தொடும், பிறகு சரியும். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே போனால் துண்டிப்பு வரக்கூடும். மழைநாளில் மட்டும் விழுகிறதா? எங்கோ ஒரு ஜாயின்ட்டில் ஈரம் இறங்குகிறது. மோடத்தை மாற்றிப் பயனில்லை.

வயர்லெஸ்ஸில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் வலிமை) மைனஸ் 90 டிபிஎம்மைவிட மேலே, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் தெளிவு) 13 டெசிபலைவிட மேலே இருக்கும் ஜன்னலைத் தேடுங்கள். இரண்டு ஜன்னல்களில் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் எஸ்ஐஎன்ஆர் கூடுதலான ஜன்னலுக்கே என் ஓட்டு.

படி 4: தேர்வு

வீடு வரை ஃபைபர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஓஎன்டி (ஃபைபரின் ஒளியை மின்சிக்னலாக மாற்றும்) பெட்டிக்கும் ரூட்டருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்கு ஏற்ற சின்ன யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த இடம் கோஆக்சியலுக்கு. இரவு வேகமும் நிலையாக இருந்தால் வயர்லெஸ். விடிஎஸ்எல், தெருமுனைப் பெட்டி பக்கத்தில் இருந்தால் மட்டும்.

பின்சேர்ப்பு: வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை என்றால் ரூட்டரின் வான் ஐபியை (வெளி இணையப் பக்கத்து முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் அமைப்பு) எடுபடாது. வயர்லெஸ்ஸில் இது சகஜம், ஃபைபரிலும் வரும். இணைப்பு வாங்கும் முன்பே தனிப் பொது ஐபி தருவார்களா என்று கேட்டு வையுங்கள்.