தூங்கும் முன் 10 நிமிடம்: செனெக்காவின் மூன்று கேள்விகள்

பழங்கால ரோமில், உணர்ச்சிகளை அறிவால் ஆளச் சொன்ன ஸ்டோயிக் தத்துவத்தைச் சேர்ந்த சிந்தனையாளர் செனெக்கா, கோபத்தைப் பற்றிய தன் நூலின் மூன்றாம் பகுதியில் ஓர் இரவு வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கு அகற்றப்பட்டு, மனைவியின் பேச்சும் அடங்கியபின், அன்று செய்ததையும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் மனதில் ஓட்டிப் பார்ப்பார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட மூன்று கேள்விகள், அவருக்கு முந்தைய ரோமத் தத்துவ அறிஞர் செக்ஸ்டியஸ் தன்னையே கேட்டுக்கொண்டவை: இன்று எந்தக் குறையைச் சரிசெய்தாய்? எந்தத் தீய குணத்தை எதிர்த்து நின்றாய்? எதில் முன்னேறினாய்?

போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரு நோட்டுடன் உட்காருங்கள். காலையிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்த்து, ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: நடந்தது என்ன, அதில் என் கையில் இருந்தது எது, நாளை இதே நிலை வந்தால் என்ன செய்வேன். மூன்றாவது வரிதான் முக்கியம். 'பொறுமையாக இருப்பேன்' என்று எழுதினால் பயனில்லை. 'அவர் குரலை உயர்த்தினால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்' என்று செயலாக எழுதுங்கள்.

இந்த வழக்கத்தைப் பாதியில் விட்டுவிடுவதற்கு ஒரு காரணம், இது தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் நேரமாக மாறிவிடுவதுதான். செனெக்கா அப்படிச் செய்யவில்லை. ஒருவரை அளவுக்கு மீறிக் கண்டித்ததால் அவர் திருந்தவில்லை, மனம்தான் புண்பட்டது என்று தன் தவறைக் குறிப்பிடுகிறார். 'இனிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். அந்த மன்னிப்பையும் நோட்டில் எழுதிவிட்டு மூடுங்கள். அடுத்தவர் செய்த தவறுகளுக்கு அதில் இடமே வேண்டாம்.